ஆறுமுகத்தின் ரத்தம்

நவம்பர் 3, திங்கள்

ஐந்து நாள் காய்ச்சலுக்குப் பிறகு இன்று வேலைக்குப் போனேன். மச்சானின் புது வீட்டுப் பால்காய்ப்பில் ஒரு குழந்தை என் வேட்டியில் மூக்கைத் துடைத்தது. அதன் தாய் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் எனக்குத் தொண்டை கட்டியது. சொந்தக்காரர்களிடமிருந்து எனக்கு வந்து சேர்வதெல்லாம் இந்த மாதிரிதான்.

லேப் குளிர்பெட்டியைத் திறந்தேன். மேல்தட்டில் நோயாளிகளின் மல மாதிரிகள். நேர்கீழே யாருடையதோ தயிர்சாத டப்பா, மூடிகூடச் சரியாகப் பொருந்தாமல். யாருடையது என்று கேட்டேன். ஜெபராணி மட்டும், "வெளிய வச்சா புளிச்சிரும்லா சார்" என்றாள். எங்கள் லேபின் மூத்த டெக்னீஷியன் அவள். எட்டு வருடமாக என்னிடம் வேலை பார்க்கிறாள். ஊசி குத்தும்போதுகூடப் பேச்சை நிறுத்தமாட்டாள். டப்பாவை அப்படியே குப்பைத் தொட்டியில் போட்டேன். அது அவளுடையது என்று பிறகு தெரிந்தது. வருத்தமில்லை.

நோட்டீஸ் போர்டில் ஒரு அறிவிப்பு. இருபத்திரண்டாம் தேதி சனிக்கிழமை, பதினொரு மணிக்கு, ஆஸ்பத்திரி மாடி அரங்கில் மருத்துவர்களுக்கான சொற்பொழிவு. தலைப்பு: 'வைரஸால் வரும் இதயத் தசை அழற்சி – ரத்தம் என்ன சொல்கிறது?' பேசுபவர் சென்னையிலிருந்து வரும் இதய நிபுணர் டாக்டர் அரங்கராஜன்.

அவன்தான்.

ரத்தம் என்ன சொல்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? ரத்தத்தை எடுத்தது நான். என் முனைவர் பட்டத்துக்காக நாலு வருடம், நூற்றுப்பன்னிரண்டு நோயாளிகள். ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போயிருக்கிறேன். பெட்டி கசிந்து, பக்கத்தில் இருந்தவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்து எழுந்து போயிருக்கிறார். சாதாரணக் காய்ச்சல் வைரஸ் சிலருக்கு இதயத்தின் தசைக்குள் போய் உட்கார்ந்துவிடும். தசை வீங்கும். உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் இதயத்திலிருந்தே ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்துப் பார்க்க வேண்டும். அப்படிக் கிள்ளாமல், கை நரம்பில் எடுத்த ரத்தத்திலேயே அதைக் காட்டிக்கொடுக்கும் ஒரு புரதத்தைத் தேடினேன். கண்டுபிடித்தேன் என்றும் நினைத்தேன். நோயாளிகளைக் காட்டியது மட்டும்தான் அவன் செய்தது. கட்டுரை வந்தபோது முதல் பெயர் அவனுடையது. என் பெயர் கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் இடத்தில் இருந்தது. 'ரத்த மாதிரிகளைச் சேகரித்து உதவிய செல்வி கோமதிக்கு.'

செல்வி.

என் பெயர் கோமதிநாயகம். அப்போது எனக்கு மீசை இருந்தது. தலையிலும் முடி இருந்தது. அது வேறு விஷயம்.

இருபத்திரண்டு வருடம் ஆயிற்று. சனிக்கிழமை மைக்கை வாங்கி எல்லோர் முன்னாலும் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்.

நவம்பர் 4, செவ்வாய்

கேண்டீன் வடையைப் பிழிந்தால் ஒரு விளக்கு ஏற்றலாம்.

நவம்பர் 6, வியாழன்

இன்று கவுண்டர் பெண்ணிடம் சத்தம் போட்டேன். ரத்தம் கொடுக்க வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும் என்று இரண்டு வருடத்துக்கு முன் நான் ஒரு கேள்வியைச் சீட்டில் அச்சடிக்க வைத்தேன்: 'முடி வளர மாத்திரை ஏதேனும் சாப்பிடுகிறீர்களா?' பக்கத்தில் டிக் போட ஒரு கட்டம். இன்று இருபத்தேழு சீட்டில் பத்தொன்பது கட்டம் காலி. கேட்க வெட்கமாக இருக்கிறதாம். கேட்டால் ஆண்கள் முறைக்கிறார்களாம்.

அந்த மாத்திரையில் இருப்பது பயோட்டின் என்ற வைட்டமின். உடம்புக்கு அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் மெஷின் வேலை செய்வதே அதே பயோட்டினைப் பசையாக வைத்துத்தான். ரத்தத்தில் அது மிதமிஞ்சிக் கிடந்தால் மெஷினுக்குப் புத்தி தடுமாறும். இருப்பதை இல்லை என்னும், குறைவானதைக் கூடுதல் என்னும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கணக்கு டீச்சருக்குத் தைராய்டு முற்றிவிட்டது என்று எங்கள் மெஷின் சொன்னது. மருந்தும் எழுதியாயிற்று. நான்தான் சந்தேகப்பட்டு அவளைத் திரும்ப அழைத்தேன். முடி கொட்டுகிறதென்று மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தாள். நாலு நாள் நிறுத்திவிட்டுப் பார்த்தால் ஒரு நோயும் இல்லை.

அதற்காக ஒருவரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. டாக்டர்கள் எனக்கு ஒரு பெயர் வைத்தார்கள். 'முடி சார்.' வழுக்கை விழுந்தவனுக்கு வைப்பதற்கு நல்ல பெயர். முனைவர் பட்டம் வாங்கிய என்னை இந்தக் கட்டடத்தில் ஒருவரும் டாக்டர் என்று கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேரே 'லேப் சார்'. முதுகுக்குப் பின்னால் 'முடி சார்'.

காலை உணவுக்குப் பின் வைட்டமின் ஒன்று. மறக்கவில்லை.

நவம்பர் 8, சனி

லிஃப்ட் மறுபடி பழுது. லேப் இரண்டாம் மாடியில் இருக்கிறது. ஏறும்போது நடுப்படியில் நிற்க வேண்டியதாயிற்று. பக்கத்துச் சுவரில் வெற்றிலை எச்சில், மூன்று தலைமுறை எச்சில், காய்ந்து அடுக்கடுக்காக. அதைப் பார்த்துத்தான் குமட்டி நின்றேன் என்று நினைத்துக்கொண்டேன். பின்னால் வந்த ஜெபராணியும் என்னோடு நின்றாள். பிறகு மெதுவாக ஏறினாள். அவளுக்கு வயது நாற்பது. எனக்காக மெதுவாக ஏற வேண்டிய அவசியமில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

நெஞ்சில் ஒரு வலி. மல்லாந்து படுத்தால் கூடுகிறது, குனிந்து உட்கார்ந்தால் விடுகிறது. நேற்றைய வடை. வாயு.

வடிவு அடுப்படியிலிருந்து வந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முப்பது வருடத்தில் என் மனைவி என்னை முழுதாக ஒரு நிமிடம் பார்ப்பது அபூர்வம். நான் நாற்காலியில் முன்னால் சாய்ந்து, மேசையில் கையூன்றி, பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"என்னத்துக்கு இப்படி ஆமை மாதிரி உக்காந்திருக்கிய?" என்றாள்.

எழுத்து பொடியாக இருக்கிறது என்றேன். பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர் ஒரு டாக்டரிடம் காட்டக் கூடாதா என்று அவள் முணுமுணுத்தது காதில் விழுந்தது. யாரிடம் காட்ட? சட்டையைக் கழற்றிக்கொண்டு, என் தொப்பையையும் நரைத்த நெஞ்சு மயிரையும் விரித்துக்கொண்டு, என்னை முடி சார் என்கிறவர்கள் முன்னால் படுக்கவா? ஈசிஜி எடுக்கிறவன் கையில் எப்போதும் பரோட்டா வாசனை. அந்தக் கையால் என் மார்பில் பசை தடவுவான்.

சீப்பில் இன்று பதினொரு முடிதான். போன ஞாயிறு இருபத்துமூன்று. முன்னேற்றம்.

நவம்பர் 11, செவ்வாய்

சரி, பார்த்துவிடுவோம் என்று இன்று மதிய இடைவேளையில் கதவைச் சாத்திக்கொண்டு என் ரத்தத்தை நானே எடுத்தேன். இடது கையில் கட்டி, பல்லால் இழுத்து, வலது கையால் குத்தினேன். என் பெயரில் கொடுத்தால் மாலைக்குள் ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சாகிவிடும். டியூபில் வயதையும் மாற்றி 'ஆறுமுகம், 60, ஆண்' என்று எழுதி, கவுண்டருக்குப் போகாமல், நேராக அடுக்கில் வைத்தேன். சீட்டையும் நானே எழுதிச் சொருகினேன்.

மெஷினில் சுழற்றி எடுத்த பிறகு மேலே பிரிந்து நிற்கும் நீரை, சீரத்தை, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இருபத்தைந்து வருடமாக மற்றவர்களுடையதைப் பார்த்து முகம் சுளித்திருக்கிறேன். இது அதைவிட மோசம். கலங்கல், மூன்றாம் நாள் மோர் மாதிரி. இதுதான் உள்ளே ஓடிக்கொண்டிருந்ததா?

நவம்பர் 12, புதன்

ஆறுமுகத்தின் ரிப்போர்ட் வந்துவிட்டது.

ட்ரோபோனின் இல்லை. இதயத் தசையில் சின்னக் கீறல் விழுந்தால்கூட ரத்தத்தில் கசிந்து வருகிற பொருள் அது. மெஷின் அளக்கக்கூடிய கீழ் எல்லைக்கும் கீழே. ஆக, இதயம் சுத்தம்.

தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் அடிமட்டத்தில். தைராய்டு சுரப்பு மிக அதிகம். இதுதான் விஷயம். படபடப்பு, மூச்சு வாங்கல், எரிச்சல் எல்லாவற்றுக்கும் ஒரே பதில். ஒரு மாத்திரையில் தீர்ந்துபோகும். கழுத்தில் ஒரு சுரப்பி கொஞ்சம் அதிகப்பிரசங்கியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அழற்சியைக் காட்டும் சிஆர்பி நாற்பத்தெட்டு. ஐந்துக்குள் இருக்க வேண்டும். தொண்டை இன்னும் ஆறவில்லை. தசைக் காயத்தைச் சொல்லும் என்ஸைம்களும் கொஞ்சம் கூடியிருக்கின்றன. படி ஏறி இறங்கினால் கூடாதா?

நிம்மதி. பத்து நாள் கழியட்டும். முதலில் அரங்கராஜன், அப்புறம் தைராய்டு.

நவம்பர் 13, வியாழன்

வைட்டமின் இன்றிலிருந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நாள் குறைவாக இருக்கிறது.

நவம்பர் 15, சனி

ஜெபராணி ஒரு ரிப்போர்ட்டோடு வந்து என் மேசை முன்னால் நின்றாள். ஆறுமுகம் என்ற நோயாளியைத் திரும்ப வரச் சொல்ல வேண்டுமாம். போன் நம்பர் இல்லையாம். எந்த டாக்டர் அனுப்பினார் என்றும் இல்லையாம்.

என்ன அவசரம் என்று கேட்டேன். ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றாள். என்ஸைம் கூடியிருக்கிறது, சிஆர்பி கூடியிருக்கிறது, ட்ரோபோனின் மட்டும் ஒரு சொட்டுக்கூட இல்லை. அதோடு தைராய்டு இப்படித் தலைகீழாக. அந்த டீச்சருக்கு வந்த மாதிரியே இருக்கிறது என்றாள். சீட்டில் முடி மாத்திரைக் கட்டம் காலி.

சீட்டு நிரப்பாதது கவுண்டரின் குற்றம், நீ உன் வேலையைப் பார் என்றேன். ரிப்போர்ட்டை வாங்கி இழுப்பறையில் போட்டேன். அவள் போகவில்லை.

"அந்தாளு பாவம் சார். காய்ச்சல் வந்து எந்திச்ச ஆளா இருந்தா நெஞ்சுல இறங்கியிருக்கும். தைராய்டுன்னு மருந்தக் குடுத்து அனுப்பிருவாங்க."

ஆறுமுகத்தைப் பற்றி அவ்வளவு கவலையா என்று கேட்டேன். அவள் நகப்பூச்சு பாதி உதிர்ந்திருந்தது. அந்த நகத்தோடு சாம்பிள் தொடுகிறாள். அதைச் சொல்லி அனுப்பினேன்.

டீச்சர் நாளொன்றுக்குப் பத்து மில்லிகிராம் எடுத்தாள். சாதாரண வைட்டமின்களில் அதில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. நான் எழுதிய குறிப்பிலேயே அது இருக்கிறது.

நவம்பர் 17, திங்கள்

செருப்பு வார் காலில் பதிந்து, கழற்றிய பிறகும் ஒரு மணி நேரம் பள்ளமாகவே இருக்கிறது. விரலால் அழுத்தினால் அழுத்திய இடம் எழும்பவில்லை. பிசைந்து வைத்த மாவு மாதிரி. என் கால்தானா என்று அருவருப்பாக இருந்தது. காலுறை போட்டு மறைத்துக்கொண்டேன்.

மூன்று நாளாக நாற்காலியில்தான் தூங்குகிறேன். படுத்தால் மூச்சு முட்டுகிறது. தைராய்டு.

காலையில் காபி கொண்டுவந்த வடிவு, அலமாரியைக் காட்டிச் சொன்னாள்: "முடி மாத்திர தீரப் போவுது போல. கடத்தெருப் பக்கம் போறேன், வாங்கிட்டு வரட்டா?"

மூன்று மாதமாக அந்த டப்பாவைச் சட்டைகளுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. வைட்டமின் என்று திருத்தினேன்.

"என்னமோ ஒண்ணு" என்றாள். "முடி வளந்து என்ன செய்யப் போறிய? கால் இப்படி வீங்கிக் கெடக்கு."

காலுறை போட்டிருந்தும் பார்த்திருக்கிறாள்.

நவம்பர் 18, செவ்வாய்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு ஜெபராணி கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் அட்டை. அவசரப் பிரிவில் மெஷின் இல்லாத நேரத்துக்காக வைத்திருக்கிற ட்ரோபோனின் அட்டை அது. ஒரு சொட்டு சீரம் விட்டால், ட்ரோபோனின் இருந்தால் இரண்டு கோடு விழும், இல்லாவிட்டால் ஒன்று. அது வேறு கம்பெனி, வேறு முறை. அதற்குள் பயோட்டின் பசை கிடையாது.

அட்டையை மேசையில் வைத்தாள். இரண்டு கோடு. இரண்டாவது கோடு மங்கலாகக்கூட இல்லை, மை வைத்த மாதிரி இருந்தது.

"ஆறுமுகத்தோட மிச்ச சீரம் சார். குளிர்பெட்டில இருந்துச்சு."

அனுமதியில்லாமல் அவசரப் பிரிவு அட்டையை வீணாக்கியதற்கு விளக்கம் எழுதித் தர வேண்டும் என்றேன். எழுதித் தருவதாகச் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"சார், ஆறுமுகம் யாரு சார்?"

எனக்குத் தெரிந்தவர் என்றேன்.

"டியூப்ல இருக்கது உங்க எழுத்து. 'று'வுக்கு நீங்க மட்டுந்தான் அப்படிச் சுழிப்பிய." பிறகு, கவுண்டர் பெண்கள் கேட்க வெட்கப்படுகிற கேள்வியை, நான் எழுதிக்கொடுத்த அதே சொற்களில், பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பது மாதிரிக் கேட்டாள். "முடி வளர மாத்திரை ஏதேனும் சாப்பிடுகிறீர்களா?"

என் தலையைப் பார்க்காமல், என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இல்லை என்று சொன்னேன்.

அவள் போன பிறகு மிச்ச சீரத்தை எடுத்து வாஷ்பேசினில் ஊற்றினேன். தண்ணீரைத் திறந்துவிட்டு, அது போகும்வரை நின்றேன்.

நவம்பர் 19, புதன்

டப்பாவில் ஒட்டியிருந்த சீட்டை இன்று கண்ணாடி போட்டுப் படித்தேன். மூன்று மாதமாகப் படிக்கவில்லை. முடி வைத்தியம் செய்கிற கடையில் ஒரு பெண், 'இயற்கை மூலிகை சார்' என்று கொடுத்தாள். இருபத்தைந்து வருடமாக லேபிளைப் படிப்பதே என் தொழில். இதை மட்டும் படிக்கவில்லை.

ஒரு மாத்திரையில் பயோட்டின் பத்தாயிரம் மைக்ரோகிராம். பத்து மில்லிகிராம். இப்போது நாளுக்கு இரண்டு.

ஆக, அந்த ரிப்போர்ட்டில் ட்ரோபோனின் இல்லை என்பது பொய். தைராய்டும் பொய். சிஆர்பி உண்மை, என்ஸைம் உண்மை. காய்ச்சல், பத்தாம் நாள் நெஞ்சுவலி, குனிந்தால் குறைகிற வலி, மூச்சு, கால் வீக்கம். என் நூற்றுப்பன்னிரண்டு பேரில் எழுபது பேராவது இதே வரிசையில்தான் வந்தார்கள். ஒன்பது பேர் உயிரோடு வீடு திரும்பவில்லை.

இன்றைக்கே போய்ச் சொல்லலாம். சொன்னால் படுக்கவைத்துவிடுவார்கள். சனிக்கிழமை நான் இரண்டாம் மாடியில் ஊசியோடு படுத்திருப்பேன், மூன்றாம் மாடியில் அவன் பேசிக்கொண்டிருப்பான். அதோடு, காரணம் எழுத வேண்டும். கேஸ் சீட்டில் என்ன எழுதுவார்கள்? முடி சார் முடி மாத்திரை தின்றார் என்றா?

மூன்று நாள்தானே.

டப்பாவை எறியலாம் என்று எடுத்தேன். பிறகு சட்டைக்குப் பின்னாலேயே வைத்துவிட்டேன்.

நவம்பர் 21, வெள்ளி

கேள்வியைப் பன்னிரண்டு தடவை எழுதிக் கிழித்து, கடைசியில் ஒரு வரியாக்கினேன். 'அந்தச் செல்வி கோமதி இப்போது எங்கே இருக்கிறார் என்று டாக்டருக்குத் தெரியுமா?' வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ஒரே மூச்சில் முடிக்க முடியவில்லை. 'இப்போது' என்ற இடத்தில் மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது.

மாத்திரை இரண்டும் சாப்பிட்டேன்.

நவம்பர் 26, புதன்

இதய வார்டு, நான்காம் படுக்கை. டைரியை வடிவு கொண்டுவந்து கொடுத்தாள். படித்தாளா என்று தெரியவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர் விடிந்ததிலிருந்து காறிக்கொண்டே இருக்கிறார். ஒவ்வொரு தடவையும் எதைத் துப்புகிறார் என்று பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமையைப் பற்றி எழுத வேண்டும்.

அரங்கில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். லிஃப்ட் ஓடியது, அதனால் மேலே போக முடிந்தது. அரங்கராஜன் பருத்திருந்தான். தலையில் என்னைவிட முடி குறைவு. மொட்டை என்றே சொல்லலாம். அதை அவன் பொருட்படுத்தியதாகவே தெரியவில்லை. பளபளவென்று விளக்கடியில் நின்று பேசினான். என் மூன்று மாதத்தை நினைத்துக்கொண்டேன்.

நன்றாகத்தான் பேசினான். இந்த நோயை ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையால் பிடிக்க முடியாது, ட்ரோபோனின், சிஆர்பி, ஈசிஜி, எக்கோ ஸ்கேன், நோயாளி சொல்கிற கதை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்றான். பிறகு திரையில் எங்கள் பழைய கட்டுரையின் முதல் பக்கம் வந்தது. நான் மைக் கேட்டுக் கையைத் தூக்கினேன்.

"இருபத்திரண்டு வருஷம் முன்னாடி நாங்க ஒரு புரதத்தைக் கண்டுபிடிச்சிட்டதா நினைச்சோம்" என்றான். "தப்பு. மூணு பேர் திரும்பச் செஞ்சு பாத்தாங்க, வரல. நாங்க தப்பாச் சொல்லிட்டோம்."

நாங்க. இருபத்திரண்டு வருடமும் 'நான்'. பொய் என்று தெரிந்த அன்றைக்கு 'நாங்க'. எழுந்து நின்றேன். யாரோ மைக்கைக் கையில் கொடுத்தார்கள். 'அந்தச்' என்று மட்டும் சொன்னது நினைவிருக்கிறது. அரங்கத்தின் தரை மெதுவாக எழும்பி என்னிடம் வந்தது.

கண் விழித்தபோது அவசரப் பிரிவில் இருந்தேன். சட்டை இல்லை. என் தொப்பையின் மேல் அரங்கராஜன் கை வைத்திருந்தான். வடிவு கால்மாட்டில் நின்றாள். அவளை மச்சான் ஆட்டோவில் கூட்டிவந்தானாம். என் கையில் ஊசி குத்திக்கொண்டிருந்தது ஜெபராணி. முதல்முறையாக வாய் பேசாமல் குத்தினாள். சீட்டை எடுத்தாள். கேள்வியைக் கேட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டு டியூபோடு ஓடினாள்.

எக்கோ அறைக்காரன் சனிக்கிழமை மதியத்தோடு போய்விட்டானாம், அவனைத் தேடிப் போயிருந்தார்கள். ஈசிஜியில் வேகமான துடிப்பைத் தவிரத் தெளிவாக ஒன்றுமில்லை. ரத்தப் பரிசோதனை முடிவு கம்ப்யூட்டரில் வந்தது. டூட்டி டாக்டர் சின்னப் பெண். வாசித்தாள்: ட்ரோபோனின் இல்லை. தைராய்டு மிக அதிகம். நாடி நூற்றைம்பது. அதைக் குறைக்கும் ஊசியை ஏற்றட்டுமா என்று கேட்டாள்.

தைராய்டு என்றால் அந்த ஊசி சரி. வீங்கித் தளர்ந்த இதயத்துக்கு அதே ஊசி, ஓடிக் களைத்து நிற்கிற மாட்டை மேலும் அடிப்பது மாதிரி. நின்றே போகலாம். எனக்குத் தெரியும். அரங்கராஜனுக்கும் சந்தேகம் இருந்தது. என் காலை அழுத்திப் பார்த்தான், கழுத்து நரம்பைப் பார்த்தான், நெற்றியைச் சுருக்கினான்.

"இந்த லேபை யார் பாக்குறது?" என்று கேட்டான்.

சார்தான் என்று டூட்டி டாக்டர் என்னைக் காட்டினாள்.

அப்போது அவன் முகம் தெளிந்தது. குனிந்து என்னைப் பார்த்தான். "கோமதி லேபா? அப்ப நம்பர் தப்பா வராது. இவன்கிட்ட ஒரு ரிசல்ட் தப்பாப் போயி நான் பாத்ததில்ல. போடும்மா."

இருபத்திரண்டு வருடம் அந்த வாக்கியத்துக்காகத்தான் காத்திருந்தேன் என்று அந்தக் கணம் தெரிந்தது. அவன் வாயிலிருந்து, டாக்டர்கள் முன்னால், என் மனைவி காதுபட. வேறு எந்தக் கேள்வியும் எனக்குத் தேவையில்லை. வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தால் போதும். அந்தப் பெண் மருந்தை ஊசியில் இழுத்தாள். கண்ணாடிக் குப்பி தட்டில் விழுகிற சத்தம் கேட்டது.

ஜெபராணி கதவருகில் நின்றாள், சீட்டும் பேனாவும் கையில். மூச்சிறைத்தது. படி வழியாக ஓடி வந்திருக்க வேண்டும்.

"சார்" என்றாள். "அந்தக் கட்டம் இன்னும் காலியா இருக்கு சார்."

அவளே சொல்லியிருக்கலாம். இரண்டு கோடு விழுந்த அட்டையைப் பற்றி, ஆறுமுகத்தைப் பற்றி, எல்லாவற்றையும். ஒரு நிமிடம் போயிருந்தால் சொல்லியும் இருப்பாள். அதை எனக்கு விட்டுக்கொடுத்தாள்.

"ஆமான்னு போடு" என்றேன்.

குரல் எழும்பவில்லை. அரங்கராஜன் என்ன என்று காதைக் கொண்டுவந்தான். அவன் காதில் முடி முளைத்திருந்தது. மறுபடி சொன்னேன். ரிசல்ட் தப்பு. என் லேபின் ரிசல்ட் தப்பு. முடிக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், பயோட்டின், மூன்று மாதமாக, இப்போது நாளுக்கு இருபது மில்லிகிராம்.

"அந்த ஊசியக் கீழ வைம்மா" என்றான் அரங்கராஜன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். டூட்டி டாக்டர் ஊசியை வைத்துவிட்டு வேறு மருந்துக்கு ஓடினாள். ஜெபராணி டிக் போட்டாள். வடிவு மட்டும் கால்மாட்டிலிருந்து, "வைட்டமின்னுல்லா சொன்னிய" என்றாள். சொல்லிவிட்டு என் வீங்கின காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

எக்கோவில் இதயம் பாதிக்கும் குறைவாகத்தான் சுருங்குகிறது. மீண்டுவிடும் என்கிறான் அரங்கராஜன். என் நூற்றுப்பன்னிரண்டு பேரின் கணக்கு என்னிடம் இருக்கிறது என்பது அவனுக்கு மறந்துவிட்டது.

ஞாயிறு ஊருக்குப் போகுமுன் வந்தான். மைக்கில் என்ன கேட்க வந்தாய் என்று கேட்டான். நினைவில்லை என்றேன். போய்விட்டான். போகும்போது என் ஃபிளாஸ்கிலிருந்து காபி குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவாமல் வைத்தான். வடிவு கழுவினாள். நான் மறுபடி கழுவச் சொன்னேன்.

நவம்பர் 27, வியாழன்

மாத்திரையை நிறுத்தி ஐந்து நாள். ரத்தம் தெளிந்திருக்கும். இன்று மறுபரிசோதனை.

காலை ஏழு மணிக்கு ஜெபராணி தட்டோடு வந்தாள். நகப்பூச்சு புதிதாகப் போட்டிருந்தாள். முழுதாக. உட்கார்ந்து, கையைக் கட்டி, நரம்பைத் தடவி, பிறகு சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு சொல் விடாமல் கேட்டாள்.

"முடி வளர மாத்திரை ஏதேனும் சாப்பிடுகிறீர்களா?"

பக்கத்துப் படுக்கைக்காரர் காறுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். இல்லை என்றேன். சனிக்கிழமையிலிருந்து இல்லை என்றும் சேர்த்துக்கொண்டேன். அவள் அதையும் எழுதினாள்.

டியூபில் பெயர் எழுதி என்னிடம் காட்டினாள். கோமதிநாயகம், 52, ஆண்.

கட்டு கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. மற்றபடி குறை எதுவும் கிடைக்கவில்லை. தேடிப் பார்த்தேன்.